புவிப்பூங்காவும் அனர்த்தத் தகவலும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீரிமலைக் கேணி, நிலாவரைக் கிணறு, மணற்காட்டு மணல்மேடுகள், நெடுந்தீவின் கல்வேலிகள் ஆகியவற்றைப் பற்றிச் சனசமூக நிலையங்களிலும் பாடசாலைகளிலும் பேசப் போகும்போது, பேச்சு முடிந்ததும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் எழுகின்றன. இந்த இடங்களைச் சேர்த்து ஒரு புவிப்பூங்கா அமைக்கலாமா, அமைத்தால் சுனாமி, புயல், வெள்ளம் பற்றிச் சனத்துக்கு விளங்கச் சொல்ல அது உதவுமா என்பதுதான் அவற்றின் சாரம். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முன்னால் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

புவிப்பூங்கா எண்டால் என்ன? பூமரம் வைச்ச பூங்காவோ?

இல்லை. பாறை, மண், ஊற்று, எரிமலை, கடற்கரை என்று நிலம் உருவான வரலாற்றை நன்றாகக் காட்டுகிற ஒரு பிரதேசம் முழுவதையும், அங்கே வாழும் மக்களோடு சேர்த்து, ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவதற்குப் பெயர்தான் புவிப்பூங்கா. சுற்றிவர வேலி இருக்காது. ஊர், தோட்டம், கோயில், துறைமுகம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நிலத்தைக் காப்பது, அதைப் பற்றிக் கற்பிப்பது, அதை வைத்து ஊரார் நாலு காசு உழைக்க வழி செய்வது ஆகிய மூன்றும் அதன் வேலைகள்.

ஐரோப்பாவில் 2000 ஆம் ஆண்டில் சிறிதாகத் தொடங்கிய இந்த முயற்சி 2004 இல் உலக வலையமைப்பாக வளர்ந்தது. 2015 நவம்பரில் யுனெஸ்கோ இதைத் தன் திட்டங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 2025 ஏப்ரல் கணக்குப்படி 50 நாடுகளில் 229 யுனெஸ்கோ புவிப்பூங்காக்கள் இருந்தன. அந்தப் பட்டியலில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை.

இதுக்கும் அனர்த்தத்துக்கும் என்ன தொடர்பு?

நாம் அழகு என்று படம் எடுக்கிற நிலத்தோற்றங்களில் பல, ஒரு காலத்தில் நடந்த பேரழிவின் மிச்சம். வாய் பிளந்த எரிமலை, சரிந்த மலையடிவாரம், கடல் வாரிக் கொட்டிய மணல் எல்லாம் அப்படித்தான். அதே இடத்தில் அதே நிகழ்வு மீண்டும் நடக்கலாம். ஆகவே பாறையைப் பற்றிப் பேசுகிறவர் ஆபத்தைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும். யுனெஸ்கோ புவிப்பூங்காக்கள் கவனிக்கவேண்டிய 10 விடயங்களில் புவியியல் ஆபத்துகளும் ஒன்று.

அப்ப சுனாமி வருகுதெண்டு புவிப்பூங்காதான் அறிவிக்குமோ?

அறிவிக்காது, அறிவிக்கவும் கூடாது. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எச்சரிக்கை விடும் அதிகாரம் அரச நிறுவனங்களுடையது. இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின்னர் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இந்த வேலைகளை ஒருங்கிணைக்கிறது. புயலையும் மழையையும் வளிமண்டலவியல் திணைக்களம் கணிக்கிறது. மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுகிறது. பொதுமக்கள் எந்த நேரமும் அழைக்கக்கூடிய இலக்கம் 117.

ஐஸ்லாந்தின் ரெய்க்யானஸ் தீபகற்பம் ஒரு யுனெஸ்கோ புவிப்பூங்கா. 2023 நவம்பர் 10 ஆம் திகதி இரவு, எரிமலைக் குழம்பு நிலத்தடியில் நகரத் தொடங்கியதால் அங்குள்ள கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. அந்தக் கட்டளையைக் கொடுத்தது குடிசார் பாதுகாப்புத் துறை. புவிப்பூங்காவின் வேலை அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது: காலடியில் என்ன நடக்கிறது என்று சனத்துக்கு விளக்குவது, எச்சரிக்கை வந்தால் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் பரப்புவது.

இதால உண்மையிலேயே உயிர் தப்பின இடம் ஏதும் இருக்கோ?

ஜப்பானின் வடக்கே, ஹொக்கைடோ தீவில் உசு என்றொரு எரிமலை உண்டு. 1910, 1943, 1977, 2000 என்று இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெடித்துவருகிறது. வெடிக்குமுன் சிறு அதிர்வுகள் தொடர்ச்சியாக வரும் என்பதை அங்குள்ள விஞ்ஞானிகள் அவதானித்திருந்தார்கள். அதை ஆய்வுக் கட்டுரையோடு விட்டுவிடவில்லை. ஆபத்து வரைபடம் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள், பாடசாலைகளில் பேசினார்கள், பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போனார்கள். 2000 மார்ச் இறுதியில் அதிர்வுகள் தொடங்கியதும் 10,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். மார்ச் 31 இல் மலை வெடித்தபோது ஓர் உயிரும் போகவில்லை.

அப்போது அது புவிப்பூங்கா ஆகியிருக்கவில்லை. 2009 இல்தான் தோயா-உசு உலகப் புவிப்பூங்கா ஆகியது. ஆனால் முன்பு சில விஞ்ஞானிகள் தங்கள் அக்கறையால் செய்த வேலையை இன்று அந்தப் பூங்கா நிலையான அமைப்பாக நடத்துகிறது. உடைந்த வீதி, இடிந்த கட்டடம் ஆகியவற்றை அகற்றாமல் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். ஊரவர்களையே பயிற்றி, எரிமலை வழிகாட்டிகளாகச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அடுத்த வெடிப்பு வரும்போது முன்னைய வெடிப்பைக் கண்டவர்கள் பலர் உயிரோடு இருக்கமாட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்புவதே இத்தனைக்கும் நோக்கம். எனக்குத் தெரிந்த உதாரணங்களில் நாம் பார்த்துச் செய்யத்தக்கது இதுதான்.

மறுபக்கத்து உதாரணம் ஜப்பானின் தெற்கே உள்ள உன்சென் எரிமலை. 1991 ஜூன் 3 இல் சாம்பலும் கொதிவாயுவும் மலையிலிருந்து பாய்ந்து 43 பேரைக் கொன்றன. இறந்தவர்களில் பலர், வெளியேறச் சொன்ன பகுதிக்குள் படம் பிடிக்க நின்ற ஊடகவியலாளர்களும், அவர்களை ஏற்றிவந்த வாடகைக்கார் சாரதிகளும், தீயணைப்புத் தொண்டர்களும். எரிமலை விஞ்ஞானிகள் மூவரும் அதில் போனார்கள். எரிந்த பாடசாலைக் கட்டடத்தையும் சேற்றுப் பெருக்கில் கூரைவரை புதைந்த வீடுகளையும் அங்கே அப்படியே விட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில எரிமலையும் இல்லை, மலையும் இல்லை. இங்க என்ன ஆபத்து?

மலை இல்லாததே நம்முடைய முதல் ஆபத்து. குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் தரை. பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரம்தான். கடலும் கடனீரேரியும் எல்லாப் பக்கமும் இருக்கின்றன. வழுக்கியாறு தவிர, ஆறு என்று சொல்ல வேறொன்றும் இல்லை, அதுவும் மாரியில் மட்டும் ஓடுகிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. பழைய ஆட்கள் வெட்டிய குளங்களையும் வெள்ளவாய்க்கால்களையும் தூர்த்து வீடு கட்டிய இடங்களில் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி இலங்கையில் 30,000 பேருக்கு மேல் கொன்றது. நம் மாவட்டத்தில் அதிகம் அடிபட்டது வங்காள விரிகுடாவை நேரே பார்த்திருக்கும் வடமராட்சிக் கிழக்கு: மணற்காடு, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை. புயல் என்றால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையையும் தாக்கித்தான் போனது. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி. இவை எல்லாம் மாரியிலேயே வந்தவை.

பாக்கு நீரிணைப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் கடல் ஆழமில்லாதது, அமைதியானது என்று ஆறுதல் கொள்வதுண்டு. புயல் நேரத்தில் அந்த ஆழமின்மையே வினையாகும். பலத்த காற்று ஆழமற்ற கடலில் தண்ணீரைக் கரைநோக்கித் தள்ளும்போது, அது அடியில் திரும்பிப் போக இடமில்லாமல் உயர்ந்து நிலத்துக்குள் ஏறும்.

பூமியதிர்ச்சி வருமோ?

நிலத்தோட்டின் பெரும் துண்டுகளான புவித்தட்டுகள் ஒன்றையொன்று உரசும் விளிம்புகளில்தான் பெரும்பாலான நிலநடுக்கங்கள் வரும். இலங்கை அப்படி ஒரு விளிம்பில் இல்லை. சிறிய அதிர்வுகள் அவ்வப்போது பதிவாகின்றன. யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஒருவர் அஞ்சவேண்டிய வரிசையில் இதைப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பின்னால்தான் வைப்பேன்.

கீரிமலை, நிலாவரை பார்க்க வாறவைக்கு அனர்த்தத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. நம் தரைக்குக் கீழே இருப்பது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், கடலடியில் படிந்து உருவானது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே வெடிப்புகளும் குகைகளும் ஆக்கிவிட்டது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரை அப்படி ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்த இடம். கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும் அந்த வெடிப்புகள் வழியாகத்தான்.

நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே குடாநாட்டின் அடியில், எண்ணெய் தண்ணீரின் மேல் நிற்பதுபோல, உப்புநீரின் மேல் நன்னீர் ஒரு வில்லையாக மிதக்கிறது. நிலாவரையில் மேல்தண்ணீர் நன்னீராகவும் ஆழத்தில் உப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இது. கணக்குப்படி, நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 மீற்றர் இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 மீற்றர் ஏறலாம். வெள்ளமும் வறட்சியும் கடல்மட்ட உயர்வும் நம் கிணறுகளை என்ன செய்யும் என்பதற்கு விளக்கம் இந்த ஒரு கணக்கில் கிடைக்கிறது.

சுனாமிக்குப் பின் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியபோது பலர் பம்பியை வைத்து நாள் முழுக்க இறைத்தார்கள். அப்படி அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் இன்னும் மேலே இழுபடும். கிணற்றைத் துப்புரவாக்கி, அளவாக இறைத்து, மிச்சத்தை மழை கழுவ விடுவதுதான் முறை. நிலாவரைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "அடி காணாத கிணறாம்" என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கதையைச் சொல்ல அங்கே ஒரு வழிகாட்டி இருந்தால், தங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு விடயம் தெரிந்துகொண்டு போவார்கள்.

மணற்காட்டில வெறும் மணல்தானே?

அந்த மணல்மேடு கடலுக்கும் ஊருக்கும் நடுவே காற்று கட்டிய அரண். மணல் அள்ளி அதில் வாய்க்கால்போல ஒரு திறப்பு உண்டானால், கடல்நீர் அந்தத் திறப்பால் வேகமெடுத்து நுழையும்.

தென்னிலங்கை அனுபவம் இதற்கு நல்ல சாட்சி. 2004 இல் ஹிக்கடுவையில் பவளப்பாறை காப்பாற்றப்பட்டிருந்த கரையில் அலை தணிந்தே வந்தது. சில கிலோமீற்றர் வடக்கே, பவளம் அகழப்பட்ட பெரலியவில் அலை வெகுதூரம் உள்ளே புகுந்து, அங்கே நின்ற ரயிலையே புரட்டி 1,000 பேருக்கு மேல் பலியெடுத்தது. மணற்காட்டில் நிற்கும் ஒரு மாணவருக்கு இதைச் சொன்னால், மணல் லொறியைப் பார்க்கும் பார்வை மாறும்.

பலகை வைச்சால் ஆர் வாசிக்கிறது?

இந்தக் கேள்வி சலிப்போடு கேட்கப்படுகிறது. சலிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் நம் ஊரில் எல்லாரும் வாசித்த ஒரு பலகை இருந்ததே. சிவப்பு நிறத்தில் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகையைத் தாண்டிப் போகச் சனம் அஞ்சியது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் அது விளங்கியது. அது ஆபத்து இருக்கிற அதே இடத்தில் நின்றது. படம் பேசியது, சொற்கள் ஓரிரண்டுதான். பாடசாலையில் வந்து நாடகம் போட்டு விளக்கியவர்கள் இருந்தார்கள். பலகையும் ஆளும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

புவிப்பூங்காப் பலகைகள் பலவற்றில் இதற்கு நேர்மாறாக, மயோசீன் காலம் பற்றி ஐந்து பந்தி சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பூங்கா நிலையத்துச் சுவரில் வைக்கலாம். கடற்கரையில் வேண்டியது: 2004 இல் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று ஒரு கோடு, போகவேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி, நடக்க எத்தனை நிமிடம், 117 என்ற இலக்கம். இவ்வளவு போதும். வடமராட்சிக் கிழக்கில் நடைபாதை அமைப்பவர்கள் மிதிவெடி அகற்றிய பகுதி எது என்று உரிய அதிகாரிகளிடம் கேட்டு உறுதிசெய்த பின்தான் ஒரு கட்டையேனும் நடவேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நிலம் ஆடினால் மேட்டுக்கு ஓடு எண்டு யப்பானில சொல்லுவினம். எங்களுக்கும் அதுதானோ?

அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். ஜப்பானில் நிலநடுக்கம் கரைக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. ஆட்டம் தெரியும், சில நிமிடங்களில் அலை வரும். நமக்கு ஆபத்து வரக்கூடிய, இந்தோனேசியாவின் சுமாத்திராவை ஒட்டிய புவித்தட்டு விளிம்பு 1,500 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. 2004 இல் இங்கே வீட்டுப் பாத்திரம்கூட உருளவில்லை, ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை வந்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பே இல்லை.

இன்று நிலைமை வேறு. அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் சுனாமித் தகவலை இந்து சமுத்திர நாடுகளுக்கு அனுப்புகின்றன. ஆகவே நமக்கு முக்கியம் அதிகாரபூர்வச் செய்தி கடைசி வீடுவரை போய்ச் சேர்வது. இயற்கை அடையாளம் என்று நாம் கற்பிக்கக்கூடியது கடல் வழமைக்கு மாறாக உள்வாங்குவதும், கடலிலிருந்து வரும் பெரும் இரைச்சலும்தான். கடல் உள்வாங்காமலும் அலை வரலாம் என்பதையும் கூடவே சொல்லவேண்டும். முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பிப் போய்ச் சாமான் எடுக்கவும் கூடாது, பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம்.

ஓடு எண்டால் எங்க ஓடுறது? இங்க மேடே இல்லையே.

கேட்டவர் ஆழியவளைப் பக்கத்து அம்மா ஒருவர். எனக்குக் கிடைத்த கேள்விகளிலேயே கனமானது இதுதான் என்று நினைக்கிறேன். வடமராட்சிக் கிழக்கு ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு. முன்னால் பெருங்கடல், பின்னால் கடனீரேரி. வெளியேறும் பாதைகள் சிலதான். மாரியில் அவற்றிலும் வெள்ளம் நிற்கும்.

ஒரு பொதுப்பதில் இதற்குக் கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் தனி வரைபடம் வேண்டும். கரையிலிருந்து உள்நோக்கிப் போக எந்தப் பாதை, மழைநாளில் அந்தப் பாதை திறந்திருக்குமா, நடக்கமுடியாத முதியவரை ஏற்ற யாருடைய வாகனம், பாதை இல்லாத இடத்தில் மேல்மாடி உள்ள உறுதியான கொங்கிறீற் கட்டடம் எது. இவற்றை விதானையாரும், கடற்றொழிலாளர் சங்கமும், பாடசாலையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்ட அலுவலரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். புவிப்பூங்கா அதற்கு நிலத்தின் உயரம் காட்டும் வரைபடத்தைக் கொடுக்கலாம், ஊராரோடு சேர்ந்து அந்தப் பாதைகளை நடந்து நேரம் பார்க்கலாம். சுற்றுலா நடைபாதையும் வெளியேறும் பாதையும் ஒன்றாகவே இருந்தால் இன்னும் நல்லது. ஆட்கள் தினமும் நடக்கிற பாதையில் பற்றை வளராது.

செத்த இடத்தைக் காட்டிக் காசு பார்க்கிறதோ?

உடுத்துறையில் சுனாமியில் இறந்தவர்களுக்கு நினைவாலயம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 26 காலையிலும் அங்கே தீபம் ஏற்றுகிறவர்கள் பெற்ற பிள்ளைகளையும் கட்டிய மனைவியரையும் இழந்தவர்கள். அந்த இடத்தை ஒரு சுற்றுலாத் தரிப்பிடமாக எண்ணி பஸ்ஸில் ஆட்களை இறக்குவது பாவம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

அதே நேரம், நடந்ததைச் சொல்லத் தயாராக இருக்கிறவர்களும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். சிலர் சொல்லவே விரும்புகிறார்கள், அடுத்த தலைமுறைக்குத் தெரியவேண்டும் என்று. முடிவு அவர்களுடையது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது, எந்த நாளில் வெளியார் வரக்கூடாது, யார் பேசுவது, பேசுகிறவருக்கு என்ன கொடுப்பனவு என்பதையெல்லாம் அந்தக் குடும்பங்களைக் கேட்ட பின்தான் எழுதவேண்டும். பேசியவர் ஒருநாள் "இனி என்னால் முடியாது" என்றால் அத்தோடு நிறுத்திவிடவேண்டும். குரலைப் பதிவுசெய்து வைப்பது இதனாலும் உதவும்: ஒருவர் தன் துயரத்தை நூறு தரம் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்து ஆபத்து எண்டால் சுற்றுலாக்காரர் வருவினமோ?

மேலே சொன்ன உசுவுக்கும் உன்சென்னுக்கும் மக்கள் வருகிறார்கள், அந்த எரிமலைகளைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள். ஆபத்தை மறைத்த இடத்தில் ஒருவர் இறந்தால்தான் ஊரின் பெயர் கெடும்.

வாறவையில அரைவாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவைக்கு என்ன செய்யிறது?

நயினாதீவுக்கு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிறவர்களும் நாகவிகாரைக்குப் போகிறவர்களும் ஒரே படகில்தான் ஏறுகிறார்கள். கசூரினாக் கடற்கரையில் விடுமுறை நாளில் சிங்களம்தான் அதிகம் கேட்கும். குறிகட்டுவான் இறங்குதுறையில் காற்று, கடல் நிலை பற்றிய அன்றாட அறிவித்தல் மூன்று மொழியிலும் இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பை அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். தெற்கே போகும் நம் பிள்ளைகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை பிழையான தமிழில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இதன் அவசரம் விளங்கும்.

தமிழ்நாட்டு டிவியில சிவப்பு எச்சரிக்கை எண்டு போகுது, வட்ஸ்அப்பில ஒண்டு வருகுது. எதை நம்புறது?

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் நாம் எல்லாரும் தமிழ்நாட்டுச் செய்தியைத்தான் முதலில் போடுகிறோம். அதில் பிழையில்லை, அது ஒரே கடல். ஆனால் அங்கே சொல்லப்படும் நிற எச்சரிக்கை நாகபட்டினத்துக்கோ இராமநாதபுரத்துக்கோ உரியது. வடமராட்சிக்கு என்ன என்பதை வளிமண்டலவியல் திணைக்களம்தான் சொல்லும்.

வட்ஸ்அப்பில் வருவதில் மூன்றைப் பாருங்கள்: யார் வெளியிட்டது, எந்தத் திகதி எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள். பழைய குரல்பதிவு புதிய புயலுக்குச் சுற்றுவதுதான் அதிகம். புவிப்பூங்கா ஒன்று அமைந்தால் அதன் பக்கத்தில் சொந்தக் கணிப்பு எதையும் போடாமல், அரச அறிவித்தலை நேரத்தோடு பகிர்ந்து, காலாவதியானதும் அகற்றவும் வேண்டும். பலர் போட மறப்பதில்லை, அகற்ற மறக்கிறார்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத அம்மம்மாவுக்கு ஆர் சொல்லுறது?

கோயில் மணி, தேவாலய மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, ஓட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி, வானொலி, பக்கத்து வீட்டுப் பொடியன். ஒரு வழி பழுதானால் மற்றது இருக்கவேண்டும், புயலில் முதலில் போவது மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும்தான். யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்ற பட்டியல் ஊருக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கவேண்டும்.

2012 இல ஓடினம், ஒண்டும் வரேல்ல. இனி ஏன் ஓடுவான்?

2012 ஏப்ரல் 11, புத்தாண்டுக்குச் சில நாள் முன்னர். சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் வெளியேறியது, பெரிய அலை வரவில்லை. எச்சரிக்கை பொய் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். 2004 இல் கடலடித் தட்டு மேலே உந்தப்பட்டது. அதனோடு மேலிருந்த தண்ணீர் முழுவதும் தூக்கப்பட்டு அலையாகியது. 2012 இல் பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன, தண்ணீர் அதிகம் தூக்கப்படவில்லை. நிலநடுக்கத்தின் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அது எப்படி அசைந்தது, அலை உருவானதா என்பதை உறுதிப்படுத்தக் கடலிலுள்ள கருவிகளின் பதிவுகள் வரவேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரம்வரை காத்திருந்து எச்சரிக்கை விட்டால், 2004 போன்ற ஒன்றில் ஓட நேரம் இருக்காது. அதனால் சில தடவை வீணாக ஓடத்தான் வேண்டியிருக்கும்.

இதைச் சனத்துக்குச் சொல்லாமல் விட்டதுதான் குறை. வெளியேற்றம் முடிந்த அடுத்த வாரமே ஊர்க்கூட்டம் வைத்து, என்ன நடந்தது, ஏன் அலை வரவில்லை, எந்தப் பாதையில் நெரிசல் வந்தது என்று பேசியிருக்கவேண்டும். அப்படிப் பேசக்கூடிய, நிலத்தைத் தெரிந்த, ஊருக்குப் பழகிய ஆளை ஆண்டு முழுவதும் வைத்திருப்பது புவிப்பூங்காவால் கிடைக்கக்கூடிய பெரிய பலன்.

பழைய ஆக்களுக்குத் தெரியாததை விஞ்ஞானியள் சொல்லப்போகினமோ?

இரண்டையும் மோதவிடத் தேவையில்லை. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907 இல் வந்த சுனாமியின் கதையைத் தாலாட்டாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004 நிலநடுக்கம் அந்தத் தீவுக்கு மிக அருகில் நடந்தது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அங்கே சுனாமியில் இறந்தவர்கள் 7 பேர் என்று பதிவாகியிருக்கிறது.

நம் கடற்றொழிலாளருக்கும் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றின் போக்கும் அதற்கேற்ற கடலின் குணமும் அத்துப்படி. அதை எழுதிப் பதிந்து வைக்கவேண்டும். ஆனால் சுனாமியைப் பற்றி நம் பாட்டன்மார் ஒரு பாட்டும் விட்டுப்போகவில்லை. இந்த ஒன்றை நாமே முதன்முதலாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

யுனெஸ்கோ பேர் கிடைச்சபிறகுதான் தொடங்கலாமோ?

மாறாக, தொடங்கி நடத்திக் காட்டிய பிறகுதான் பேரே கேட்கலாம். விண்ணப்பிக்குமுன் குறைந்தது ஓராண்டாவது அந்த இடம் புவிப்பூங்காவாக இயங்கியிருக்கவேண்டும். சட்டபூர்வமான நிர்வாகம், உலகளவில் மதிக்கத்தக்க புவியியல் பெறுமதி, ஊராரின் பங்கேற்பு ஆகியவை பார்க்கப்படும். பூங்காவோடு தொடர்புடையவர்கள் பாறைகளையும் உயிர்ச்சுவடுகளையும் விற்கமுடியாது. பேர் கிடைத்தாலும் நான்காண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை உண்டு. குறை இருந்தால் மஞ்சள் அட்டை கொடுத்து இரண்டாண்டு அவகாசம் தருவார்கள், அதற்குள் திருத்தாவிட்டால் சிவப்பு அட்டை, பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

யாழ்ப்பாணம் அந்தப் பட்டியலில் சேர்கிறதோ இல்லையோ, மேலே சொன்ன வேலைகளில் ஒன்றுக்கும் யுனெஸ்கோவின் அனுமதி தேவையில்லை. ஒரு பாடசாலை நாளைக்கே தன் பிள்ளைகளோடு கரையிலிருந்து பாதுகாப்பான இடம்வரை நடந்து நேரம் குறிக்கலாம். ஒக்டோபர் 13 அனர்த்த அபாயக் குறைப்புக்கான சர்வதேச நாள், நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள், டிசம்பர் 26 நம் தேசிய பாதுகாப்பு தினம், அன்று காலை 9.25 க்கு மௌன அஞ்சலி. இந்த மூன்றும் நம் மாரிகாலத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று வாய்ப்பாக விழுகின்றன. ஆண்டுப் பயிற்சியை இவற்றில் வைத்துக்கொள்ளலாம்.

பலகை துருப்பிடிச்சு, இலக்கம் மாறிப்போனால் ஆர் பொறுப்பு?

பலகையின் பின்புறத்தில் வைத்த ஆண்டையும், பார்த்துக்கொள்ளும் சங்கத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். தனியாள் பெயர் வேண்டாம், ஆள் வெளிநாடு போய்விடுவார். ஒவ்வோர் ஆண்டும் மாரிக்கு முன், செப்ரெம்பரில், அந்தச் சங்கம் பலகை பலகையாக நடந்து போய் எழுத்து தெரிகிறதா, அம்பு சரியான பக்கம் காட்டுகிறதா, காட்டிய பாதையில் புதிதாக மதிலோ கேற்றோ வந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரதேச செயலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுக்கவேண்டும். பெயின்ற் வாங்கும் காசை முதல் வரவுசெலவிலேயே ஒதுக்கிவையுங்கள், திறப்புவிழாவுக்கு ஒதுக்கும் காசில் சிறு பங்கே அதற்குப் போதும். பிழையான திசை காட்டும் பலகை ஒன்று கண்ணில் பட்டால், புதியது வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கழற்றிவிடவேண்டும்.